எழுத்துத் தெரிந்த பிள்ளை வாசிக்கத் தடுமாறும் இடம்

விஜயதசமியன்று திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டம் பக்கத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பது நம் பக்கம் பல வீடுகளில் தவறாத வழக்கம். மறுநாளிலிருந்து என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம். எழுத்து அட்டை ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள். சில மாதத்தில் பிள்ளை அதை மேலிருந்து கீழ்வரை ஒப்பிக்கும். பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்து 'மரம்' என்ற சொல்லைக் காட்டினால், "ம... ர... இம்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நம் ஊரில் எழுத்துக்கூட்டுவது என்கிறோம். நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. வீட்டில் முடியும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

முதலில் 247 என்ற கணக்கைப் பற்றிய பயத்தை இறக்கி வைப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையும் மனப்பாடமான பிறகே சொல் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு அலுத்துவிடும். அந்த 216இல் ங வரிசை முழுக்க வரிவடிவம் இருக்கிறதே தவிர, இன்றைய எழுத்தில் 'அங்ஙனம்' போன்ற ஓரிரு சொல்லை விட்டால் 'ங்' மட்டும்தான் வேலை செய்கிறது. ஔகார வரிசை பதினெட்டும் ஏறக்குறைய அப்படித்தான், கொஞ்சம் சொற்களுக்காக இருக்கிறது. இவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஙௌ எழுதத் தெரியாததால் எந்தப் பிள்ளையும் வாசிப்பில் பின்தங்கியதில்லை.

காகிதத்துக்கு முன்னால் காது

கூட்டிப் படிப்பது கண் செய்யும் வேலை போலத் தெரியும். பாதி வேலை காதுடையது. ஒரு சொல் துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்று பிள்ளைக்கு உணர்வில் பட்டிருக்க வேண்டும். அதைச் சோதிக்கப் புத்தகம் வேண்டாம். "வ... யல்" என்று நடுவில் இடைவெளி விட்டுச் சொல்லுங்கள், "என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். 'வயல்' என்று உடனே வந்தால் நல்லது. அடுத்து "வ... ய... ல்" என்று மூன்றாக்குங்கள். இதுவும் வந்தால் பிள்ளை எழுத்துக்குத் தயார். வரவில்லை என்றால் எழுத்து அட்டையை இரண்டு வாரம் ஓரம் வைத்துவிட்டு வாய் விளையாட்டு மட்டும் போதும். காதால் கேட்டுச் சேர்க்க முடியாததைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க முடியாது.

வாய் விளையாட்டு சைக்கிளில் போகும்போதும் செய்யலாம், வரப்பில் நடக்கும்போதும் செய்யலாம். வா-ழை, தென்-னை, நா-ரை என்று துண்டுக்கு ஒரு கைத்தட்டு. 'மா'வில் தொடங்குவதைச் சொல் என்றால் மாடு, மாமா, மாங்காய். பிறகு கொஞ்சம் கடினமானது: "வாய்க்காலில் 'வாய்' போய்விட்டால் மீதி என்ன?" 'கால்' என்று சொல்லும் பிள்ளை ஒலியைப் பிரிக்கவும் கற்றுவிட்டது. நான்கு வயதில் இதை ஆரம்பிக்கலாம், ஐந்தில் எழுத்து.

எந்த எழுத்தில் தொடங்குவது

அகர வரிசைப்படி போவது அகராதி பார்க்க உதவும். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு உதவாது. அ ஆ இ ஈ உ ஊ ஆறையும் கற்ற பிள்ளையால் அந்த ஆறைக் கொண்டு ஒரு சொல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 'ஈ'யைப் போன்ற ஓரெழுத்தை விட்டால் முடியாது. அதனால் வடிவம் எளிமையாகவும், சேர்த்தால் சொல் வருவதாகவும் உள்ள எழுத்துகளை முதலில் எடுக்க வேண்டும்.

முதல் வாரம் ப, ட, ம மூன்றும், அவற்றில் ட், ம் இரண்டுக்கும் புள்ளியும். படம், மடம், பட்டம், மட்டம். மூன்று எழுத்து தெரிந்ததும் நான்கு சொல் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் க, ர, ல, வ, ய. இப்போது கல், பல், மரம், கடல், பகல், மலர், பக்கம், வட்டம், வயல். அதற்கடுத்து அ, த, ந, ச, ண, ன, ள. இதோடு கண், மண், அவல், மணல், களம், பந்தல், அப்பளம், சக்கரம், வணக்கம் எல்லாம் வந்துவிடும். மொத்தம் பதினைந்து எழுத்தும் ஒரு புள்ளியும்தான். ஒரு காலும் கொம்பும் இன்னும் வரவில்லை. நிதானமாகப் போனால் ஆறு வாரம் ஆகும், எட்டு வாரம் ஆனாலும் கவலையில்லை. முந்தின தொகுதியில் உள்ள சொற்களைத் தயங்காமல் படிக்கும்வரை அடுத்த தொகுதிக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் திரும்பி வர நேரும்.

இரண்டெழுத்துச் சொல்லை முதலில் எடுங்கள்: கல், பல், கண், மண். 'க' அட்டையை வைத்து, 'ல்' அட்டையை வலப்பக்கமிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வாருங்கள். அட்டை நகரும் நேரம் முழுக்கக் 'க...' என்ற ஒலியை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டை ஒட்டியதும் நாக்கு மேலே போய் 'ல்' ஆகிவிடும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது இரண்டு எழுத்து, இழுத்தால் ஒரு சொல். கூட்டிப் படிப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். பிறகு 'ல்' அங்கேயே இருக்க, 'க'வை எடுத்துவிட்டுப் 'ப' வையுங்கள். அதன் பின் 'ல்' எடுத்து 'ண்'. ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் மாற வேண்டும்.

இனி அந்த 'இம்' விஷயம். மெய்யெழுத்துக்கு 'இக், இங், இச்' என்று பெயர் சொல்லிப் பழக்குவதால் வரும் கோளாறு இது. பிள்ளை பெயரை ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. 'ம-ர-இம்' என்று சொல்லும் பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் 'இம்' என்றே சொன்னாலும் வாதாட வேண்டாம். "அதன் பேர் இம். அது போடுற சத்தம் ம்" என்று சொல்லி உதட்டை மூடிக் காட்டுங்கள். 'ன், ல், ர், ள்' போன்றவற்றையும் இழுத்து ஒலிக்கலாம். 'க், ட், ப்' தனியாக ஒலிக்காது, மூச்சு அடைபடும். அவற்றைப் 'பக்கம்', 'பட்டம்', 'அப்பளம்' என்று சொல்லுக்குள் வைத்தே காட்ட வேண்டும்.

மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, பெரிய ற, சின்ன ர என்பதெல்லாம் எழுத்தை அடையாளம் சொல்ல மட்டும். கூட்டும்போது அந்தப் பெயர்கள் வாயில் வரக் கூடாது.

அட்டைக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம் நல்ல கனம். மூன்று அங்குல அகலம், அதே உயரம், எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் கறுப்பு மார்க்கரில். துணைக்காலுக்கு அரை அகல அட்டை தனியாக. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வாக்கியம் எழுத ஆகும். திண்ணையில் சாக்கட்டி, சிமெண்டுத் தரையில் தண்ணீர் தொட்ட விரல், சிலேட்டில் பல்பம் எல்லாம் சரிதான். எழுதுவதையும் வாசிப்பதையும் மட்டும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். ஐந்து வயது விரலுக்கு 'ண' வரைவது சிரமம், கண்ணுக்கு அதைப் படிப்பது சுலபம். எழுத வரவில்லை என்பதற்காக வாசிப்பை நிறுத்தி வைப்பது தவறு.

கால், விலங்கு, கொம்பு

குறிகளில் முதலில் துணைக்கால். அது எழுத்துக்குப் பின்னால் வருகிறது, ஒலியும் பின்னால் நீள்கிறது, பிள்ளைக்கு நியாயமாகப் படும். கல்–கால், பல்–பால், படம்–பாடம், மலை–மாலை என்று குறிலையும் நெடிலையும் ஜோடியாகக் காட்டினால்தான் அந்த ஒரு கோடு என்ன செய்கிறது என்று புரியும். ('மலை' ஜோடியை ஐகாரம் வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.) கால் வந்த அன்றே வாக்கியமும் வந்துவிடும்:

தாத்தா வயல் பக்கம் வந்தார்.
அம்மா மாங்காய் தந்தாள்.
அண்ணன் வாய்க்கால் பக்கம் நடந்தான்.

இந்த மூன்றிலும் புள்ளியும் காலும் தவிர வேறு குறியே கிடையாது. 'ங்' ஒன்றுதான் புதிது, மாங்காயோடு சேர்த்தே அது மனதில் நின்றுவிடும். இரண்டு மாதம் முன்பு 'இம்' என்று சொன்ன பிள்ளை ஒரு முழு வாக்கியம் படிக்கிறது என்றால் அதற்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முகத்தில் பார்க்கலாம். இப்படிப்பட்ட வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள், தெரியாத எழுத்து இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டு ஆட்கள் பெயரைப் போடுங்கள்.

துணைக்காலோடு ஒரு சிக்கலும் கூட வருகிறது. ரகரமும் காலும் அச்சில் ஏறக்குறைய ஒன்று. ரகரத்தின் அடியில் சாய்ந்த ஒரு வால் உண்டு, காலுக்கு இல்லை. இதிலும் சில எழுத்துருக்களில் ர், ரி, ரீ வரும்போது அந்த வாலையும் எடுத்துவிடுவார்கள். பிள்ளை குழம்புவது இயல்பு. வரம்–வாரம், கரம்–காரம், பரம்–பாரம், பிறகு கால், இரண்டும் பக்கத்தில் நிற்கும் கார். இந்த ஏழெட்டுச் சொல்லை ஒரு வாரம் தனியாக எடுங்கள்.

அடுத்து இகர, ஈகாரம். எழுத்தின் மேலே விலங்கு என்ற வளைவுக் கோடு போடுவது, நெடிலுக்கு அதில் சுழி. டி, டீ இரண்டு மட்டும் ஒட்டும் விதத்தில் மாறும், அவற்றைத் தனியாகக் காட்டிவிட்டால் போதும். விடு–வீடு ஜோடி உகரம் வந்த பின்.

உகர, ஊகாரந்தான் தமிழில் வடிவ அளவில் மிகக் கடினமானது. ஒரே ஒலிக்கு எழுத்துக்கு எழுத்து வேறு கோலம். பதினெட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தால் கலங்கிவிடும். கோலத்தை வைத்துப் பிரியுங்கள். பு, யு, வு, சு, ஙு ஐந்தும் நேர்கோடு கீழே இறங்கும் வகை. டு, மு, ரு, ழு, ளு, கு வளைந்து திரும்பும் வகை. து, நு, லு, று, னு, ணு, ஞு ஏழும் அடியில் சுற்றி வலப்பக்கம் எழும் வகை. வாரத்துக்கு ஒரு வகை. ஊகாரம் பெரும்பாலும் அந்தந்த உகரத்தின் நீட்சி. கூ, சூ இரண்டும் தனி ஜோடி.

இந்த ஊகாரத்துக்கு நம் காவிரி டெல்டா மாவட்டங்களைப் போல வசதி வேறெங்கும் கிடையாது. பஸ் பலகையைப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், கீழ்வேளூர், கூத்தாநல்லூர். கோயிலுக்குப் போனால் கூத்தனூர், தண்ணீர் வரும் இடம் மேட்டூர். வூ, ரூ, ளூ, லூ, னூ, டூ ஆறும் ஊர்ப் பெயரிலேயே நிற்கின்றன. முதலில் 'ஊர்' என்று தனியாக எழுதிக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பலகையிலும் அந்த 'ஊர்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எழுத்து மாறியிருக்கும், ஒலி அங்கேயே இருக்கும். ஆற்றுப் பாலத்துப் பெயர்ப் பலகையும் அப்படியே: வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, கோரையாறு, பாமணியாறு. 'ஆறு' என்ற சொல்லின் 'ஆ' ஓரிடத்தில் ணா, ஓரிடத்தில் டா, இன்னோரிடத்தில் லா, யா என்று போய் உட்கார்ந்திருக்கிறது. உயிர் மெய்யோடு ஏறுவது என்றால் என்ன என்று இலக்கணம் பேசாமலே பிள்ளைக்கு விளங்கும் இடம் இது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிவரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தால் இதற்கு மேல் பாடம் தேவையில்லை.

கொம்புக்கு வருவோம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் ஒழுங்காகப் படிக்கக் கற்ற பிள்ளை 'நெல்' என்பதை 'எ-ந-ல்' என்று சொல்வது இதனால்தான். கவனக்குறைவு என்று அதட்டாதீர்கள், அது விதியைச் சரியாகப் பின்பற்றுகிறது. இங்கே அட்டையைப் பிரித்துச் சேர்க்கும் வேலையை நிறுத்திவிட்டு 'நெ', 'தே', 'கை' என்று ஒரே அட்டையில் ஒரே வடிவமாக எழுதிக் காட்டுவதே நல்லது என்பது என் தீர்மானம். தயங்கினால் விரலை முதலில் 'ந'வில் வைத்து, பிறகு கொம்புக்குத் திருப்பிக் கொண்டுபோய், மறுபடி முழு எழுத்தையும் ஒரே வீச்சில் தடவச் சொல்லுங்கள். நெல், தேர், வேர், தேன், கை, பை, வெயில் என்று தினமும் நான்கைந்து. எகரம் நின்ற பிறகு மட்டும் ஒகரம். கொம்பும் காலும் இருபுறமும் காவல் நிற்கும் கொடி–கோடி, தொடு–தோடு ஜோடிகள் அப்போது சுலபமாக வரும்.

ஔகாரத்தில் ஒரு எச்சரிக்கை. 'கௌ' என்ற எழுத்தும், 'கெ' பக்கத்தில் 'ள' நிற்பதும் பல அச்சில் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் பிள்ளையின் தவறில்லை. சொல் தெரிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

பேசுவது ஒன்று, படிப்பது ஒன்று

இதைப் பற்றி யாரும் வீட்டில் பேசுவதில்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. புத்தகத்தில் 'குடை' என்று இருக்கிறது. பிள்ளை எழுத்தைக் கூட்டுகிறது, படத்தைப் பார்க்கிறது, 'கொட' என்கிறது. இது தப்பா, சரியா?

பிள்ளை சொல்லை அடையாளம் கண்டுவிட்டது, அதனால் சரி. எழுத்தில் உள்ளபடி சொல்லவில்லை, அதனால் இன்னும் ஒரு படி பாக்கி. நம் பேச்சில் சொல்லின் முதலில் வரும் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் மாறுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால் மாறும். இலை எல ஆகும், விதை வெத ஆகும், நிலம் நெலம், குளம் கொளம், உரல் ஒரல், முதலை மொதல. நடுவில் மெய் இரட்டித்தால் மாறாது. 'குட்டை'யின் 'கு' அப்படியே இருக்கும். கடைசி ஐகாரமும் தேய்ந்துவிடும்: மழை மழ, வாழை வாழ. பிள்ளை காதில் ஐந்து வருடமாக விழுந்தது இந்த வடிவம். 'வெத' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு 'விதை' என்ற எழுத்துக்கூட்டல் வேறு ஏதோ சொல் போலத் தோன்றும்.

அதனால் திருத்தும்போது "தப்பு" என்று சொல்லாதீர்கள். "ஆமா, கொடதான். நாம கொடன்னு சொல்றோம். புத்தகத்துல எப்படி எழுதியிருக்கு பாரு" என்று விரலை முதல் எழுத்துக்குக் கொண்டு போங்கள். வீட்டுப் பேச்சு தாழ்ந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. இரண்டும் பிள்ளையுடையதுதான்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. பிள்ளையே ஒரு வாக்கியம் சொல்லட்டும். "அப்பாயி மீன் வாங்கிச்சு" என்று சொன்னால் அதையே அப்படியே எழுதுங்கள். அதன் கீழே "அப்பாயி மீன் வாங்கினார்" என்று எழுதுங்கள். இரண்டையும் படிக்கட்டும். தான் சொன்னது காகிதத்தில் ஏறுகிறது என்பதும், எழுத்துக்கு வேறு உடை உண்டு என்பதும் ஒரே நேரத்தில் புரியும். வந்தாங்க–வந்தார்கள், இருக்கு–இருக்கிறது, வச்சான்–வைத்தான் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

நாம் சத்தமாகப் படித்துக் காட்டுவதற்கான காரணமும் இதுதான். எழுத்துத் தமிழ் பிள்ளையின் காதில் விழ வேறு வழி வீட்டில் அதிகம் இல்லை. தூங்கும் முன் பத்து நிமிடம், வரிக்குக் கீழே விரல் ஓட, கதையை உள்ளபடி படியுங்கள். பேச்சாக மாற்றிச் சொல்வது கதை சொல்வது, அதுவும் வேண்டும்தான், ஆனால் இது வேறு. படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் வருத்தப்பட வேண்டாம். வாய் விளையாட்டு முழுக்க உங்களால் முடியும். அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை யாராவது படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பிள்ளைக்கு அது போதும்.

ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலி இருப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பக்கம், பகல், பங்கு மூன்றிலும் ககரம் ஒலிக்கும் விதம் வேறு. இரட்டித்தால் வலிமை, நடுவில் தனியே வந்தால் மென்மை, மூக்கொலிக்குப் பின்னால் வேறொரு மென்மை. ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதை. விதியாகச் சொல்ல வேண்டாம். தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளை 'தங்கம்' என்பதை முதலில் கரடுமுரடாகச் சொல்லிவிட்டுத் தானே மாற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆரம்பத்தில் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களாகவே கொடுக்க வேண்டும். மடை, மதகு, நாற்று, கொக்கு, நண்டு தெரிந்த பிள்ளைக்குப் பனிக்கரடி வேண்டியதில்லை, அது பிறகு வரட்டும்.

பக்கத்தில் உட்காரும்போது

பதினைந்து நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் பழைய அட்டைகள், ஐந்து நிமிடம் புதியது, மீதி வாக்கியமோ புத்தகமோ. நடவு நேரம், அறுவடை நேரம் என்று வீடே வயலில் இருக்கும் நாட்களில் பழைய அட்டை ஐந்து நிமிடம் மட்டும் போதும், விட்டுவிடாமல் இருந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து ஈடுகட்டுவது பலிக்காது.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். வராவிட்டால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லையே சொல்லிவிடுங்கள், அழவிடும் அளவுக்குப் போராட வேண்டாம். எப்படி வந்தாலும் அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல் வந்திருக்கும், பொருள் போயிருக்கும்.

படத்தைப் பார்த்து ஊகிப்பது தெரிந்தால், படத்தைக் கையால் மறைத்துப் படிக்கவைத்துவிட்டுப் பிறகு படத்தைப் பரிசாகத் திறந்து காட்டுங்கள். பக்கம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால், கடைசி வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். மனப்பாடம் என்றால் மேலிருந்து ஓட்டிக்கொண்டுதான் அங்கே வர முடியும்.

நீண்ட சொற்கள் தமிழின் இயல்பு. 'வாய்க்கால்களிலிருந்து' என்று ஒரே மூச்சில் நின்றால் பெரியவர்களுக்கே மிரட்சி. மீதியை விரலால் மறைத்து 'வாய்க்கால்' மட்டும், பிறகு 'களில்', பிறகு 'இருந்து'. அல்லது பென்சிலால் லேசான கோடு. களில், உடன் போன்ற வால்கள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால், பத்து முறை பார்த்ததும் எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்துவிடும்.

புத்தகம் சரியான அளவா என்று பார்க்க ஐந்து விரல் போதும். ஒரு பக்கத்தில் தடுக்கிய சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் நீங்கள் படித்துக் காட்ட, அது கேட்க. அரசுப் பள்ளி என்றால் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் மூன்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுப் பயிற்சியை அதற்கு ஏற்ப வைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பவை, வீட்டுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். கிளை நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினராக்குங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று விதி வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் பிறந்தது நம் சீர்காழியில்தான். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், சின்னதாக இருந்தாலும் படம் அதிகமாக இருந்தாலும் சரி.

பரணில் இருக்கும் பழைய சிறுவர் புத்தகம் கொடுப்பதாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் வேறு வடிவில் இருக்கும். தாத்தாவுக்குப் பழகியது, பிள்ளைக்குப் புதிர். இரண்டு வருடம் கழித்துக் கொடுத்தால் அதே புதிர் விளையாட்டாகிவிடும்.

எழுத்தைத் திருப்பி எழுதுவதும் ல, வ அல்லது த, ந மாற்றிப் படிப்பதும் ஏழு வயதுவரை சாதாரணம். ஆனால் மாதக்கணக்கில் தினமும் உட்கார்ந்தும் இரண்டெழுத்துச் சொல்லே சேரவில்லை, நேற்று வந்தது இன்று அடியோடு இல்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். காதில் சீழ் வந்து ஆறாமல் இருக்கும் பிள்ளைக்கு ன, ண, ம ஒலிகள் பிரிந்து கேட்காமல் போகலாம். காதும் கண்ணும் சரி என்றால் வட்டார வளமையத்தில் (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வி மையம்) சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளி வழியாகப் பார்க்கலாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும், மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்ப இடையீட்டு மையமும் உண்டு. சோம்பேறி என்று பட்டம் கட்டி அடித்து ஒரு வருடத்தை வீணாக்குவதைவிட எட்டு வயதுக்குள் காட்டிவிடுவது ஆயிரம் மடங்கு நல்லது.

சரளம் வர ஒரே வழி, அதே பக்கத்தை மறுபடி படிப்பது. முதல் நாள் கூட்டிக் கூட்டி, இரண்டாம் நாள் சொல் சொல்லாக, மூன்றாம் நாள் பேசுவது போல. புதுப்பக்கம் புதுப்பக்கமாகப் போனால் தினமும் முதல் நாளாகவே இருக்கும். மூன்றாம் நாள் படிப்பைப் படிக்கத் தெரிந்தவரோ தெரியாதவரோ வீட்டில் ஒரு பெரியவருக்குப் படித்துக் காட்டட்டும்.

சில மாதம் கழித்து ஒருநாள் பிள்ளை திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும், சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். "சத்தமாப் படி" என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டும் வேலை வாயிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. உதட்டசைவு தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள்.